ஒன்பதாம் நம்பர் வீட்டுக்கு நாலு மார்க்

மார்ச் 4

தங்கச்சிக்கு,

நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன். அதை முதல் வரியிலயே சொல்லிடறேன், கடிதம் வந்துடுச்சு, அக்கா இறங்கி வந்துட்டான்னு நீ நினைச்சுக்கக் கூடாது பாரு. போன் பண்ணாம எழுதறதுக்குக் காரணம் உங்க அத்தான். போன்ல நாம ரெண்டு பேரும் மூணு நிமிஷம் தாண்டினா சண்டையில வந்து நிக்குதாம். இனிமே எதுவா இருந்தாலும் எழுதிக்கோங்க, ஸ்டாம்பு வாங்கி ஒட்டறதுக்குள்ள பாதிக் கோபம் போயிடும்ங்கறார். நாள் பூரா முட்டி போட்டுத் தரைக்கு டைல்ஸ் பதிக்கற மனுஷன், நிதானமா ஒட்டினா எதுவும் நிக்கும்னு அவருக்கு ஒரு நம்பிக்கை.

போன ஞாயித்துக்கிழமை என் வீட்டுல உக்காந்து, நான் பரிமாறினதைச் சாப்பிட்டுக்கிட்டே நீ என்ன சொன்னே? "எங்களை மாதிரி மிடில் கிளாஸ்தான் நசுங்கறோம். உனக்கென்னக்கா, உனக்கு லாட்டரி அடிச்சுடுச்சு." இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி நாங்க இந்த மனையை வாங்கினப்போ இங்க ரோடு இல்ல, தண்ணி இல்ல, கரண்ட் பக்கத்துத் தெரு வரைக்கும் வந்து அங்கயே நின்னுடுச்சு. லாட்டரி அடிச்ச எவளாவது ரெண்டு கையிலயும் தண்ணி வாளியோட முக்கால் கிலோமீட்டர் நடந்திருக்காளா? நான் பதிலுக்கு எல்லார் முன்னாடியும் சிரிச்சது தப்புதான். ஆனா நீயே யோசி. பெரிய ஆஸ்பத்திரியில ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்கே தலைவி நீ, உனக்குக் கீழ பதினாறு பேர். நீ மிடில் கிளாஸ், ஸ்கூல் வேன் ஓட்டற நான் பணக்காரின்னா யாருக்குத்தான் சிரிப்பு வராது?

சரி, விஷயத்துக்கு வரேன். எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்கற ஒன்பதாம் நம்பர் வீடு விலைக்கு வருது. ரிட்டயரான கணக்கு டீச்சரோட வீடு. தனியா இருக்காங்க, வெளியூர்ல இருக்கற மகன்கிட்டப் போறாங்க. வெளிய போர்டு வைக்கல, புரோக்கரை உள்ளயே விடல. ஆனா ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. வாங்க நினைக்கறவங்க ஒவ்வொருத்தரும் ஒரு பக்கம் எழுதித் தரணும், நீங்க யாரு, இந்த வீடு உங்களுக்கு எதுக்குன்னு. அதைச் சிவப்புப் பேனாவால திருத்தி பத்துக்கு மார்க் போடுவாங்களாம். நான் கேலி பண்ணல, சத்தியமா அப்படித்தான். நாப்பது வருஷம் திருத்தின கை, சும்மா இருக்குமா?

இந்தப் பக்கம் எந்த வீடு கைமாறினாலும் எனக்குத்தான் முதல்ல தெரியும். வேன்ல ஒரு பிள்ளை குறையும். நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்சப்போ பத்தொன்பது பிள்ளைகளும் இந்த நாலு தெருவுல இருந்தாங்க. இப்போ இங்க ஏழுதான். வாடகைக்கு இருந்த குடும்பமெல்லாம் ஊருக்கு வெளிய நகர்ந்து நகர்ந்து போயிட்டதால, நான் ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பிப் போய் ஒவ்வொண்ணாப் பொறுக்கிட்டு வரேன். அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தற டீச்சரம்மாக்களே ரெண்டு பஸ் மாறி வராங்க.

உனக்கு வேணுமான்னு நான் கேக்கல. உங்க வீட்டு ஓனர் ஜூன் மாசத்தோட காலி பண்ணச் சொல்லிட்டார்னு குட்டி என் காதுல சொன்னா. ஒன்பது வயசுப் பிள்ளைக்குப் பெரியம்மாகிட்டச் சொல்லணும்னு தெரியுது, உனக்குத் தெரியல. அந்த ஒரு பக்கத்தைச் சீக்கிரம் எழுதி அனுப்பு.

கோபத்தோட,
அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி கேண்டீன்ல வெச்சு மூணு தடவை படிச்சேன். முதல் தடவை கிழிச்சுப் போடத் தோணுச்சு. ரெண்டாவது தடவை ஒன்பதாம் நம்பர்ல வந்து கண்ணு நின்னுடுச்சு. அதனால கிழிக்கல.

ஓனர் விஷயத்தை ஏன் சொல்லலன்னு கேக்கற. வெட்கமா இருந்துச்சு, அவ்வளவுதான். கல்யாணமாகி இது அஞ்சாவது வீடு. ஒவ்வொரு தடவையும் ஓனர் மரியாதையாத்தான் பேசுவார், உங்களை மாதிரி குடித்தனம் கிடைக்காதுன்னு பாராட்டிட்டுத்தான் வெளிய அனுப்புவார். இந்தத் தடவை வீட்டை விக்கறாராம். எங்களுக்கே தருவீங்களான்னு இவர் கேட்டார். ஓனர் விலையைச் சொன்னார். இவர் தான் வேலை பாக்கற லைப்ரரியில பேசற மாதிரியே மெதுவா, சரிங்கன்னு சொல்லிட்டு வந்துட்டார்.

நாங்க சும்மா இருக்கோம்னு நினைக்காதே. நாலு மாசமா ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடு பாக்கறோம். பதினாலு வீடு ஆச்சு. வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு, முப்பது ஜோடிகளோட வரிசையில நின்னு, ஆளுக்குப் பத்து நிமிஷம்னு உள்ள விடறாங்க. ஒரு வீட்டுல நான் சமையலறைக் குழாயைத் திறந்து பாத்துக்கிட்டிருக்கேன், முன்னறையில வித்துப் போச்சுன்னு கை தட்டறாங்க. பேங்க்ல போனா, உங்களுது நல்ல சம்பளம்தான் மேடம்னு சொல்லிட்டு அப்புறம்தான் கால்குலேட்டரை எடுக்கறாங்க. போன வருஷம் வாங்கியிருக்க வேண்டிய வீட்டுக்குத்தான் எங்ககிட்ட இந்த வருஷம் பணம் இருக்கு. ஒவ்வொரு வருஷமும் இதே கதைதான்.

அந்த நேரத்துல உன் வீட்டுல வந்து உக்காந்தா, அத்தான் சாதாரணமா, அடுத்த தெருவுல ஒரு வீடு இவ்வளவுக்குப் போச்சாம்னு சொல்றார். நீ, அட கடவுளேன்னு சொல்லிட்டுச் சிரிக்கறே. உனக்கு அது வேடிக்கை. எனக்கு அது இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போற வீடு. அதுலதான் அந்த வார்த்தை வந்துச்சு. நான் இன்னும் மன்னிப்புக் கேக்கல, காரணம்தான் சொல்றேன்.

டீச்சருக்கு எழுதின பக்கத்தை இதோட வெச்சிருக்கேன். உறையை ஒட்டியிருக்கேன். நீ பிரிச்சுப் படிக்காதே. உன்னை நம்பறேன், முக்காலே மூணு வீசம்.

தங்கச்சி


மார்ச் 17

அடியே,

நாலு மார்க். பத்துக்கு நாலு.

நான் பிரிக்கல. உறையை அப்படியே கொண்டு போய்க் கொடுத்தேன். டீச்சர்தான் நேத்து சாயங்காலம் என் வேனை வாசல்லயே நிறுத்தி, திருத்தின தாளை எடுத்துட்டு வந்து, படிச்சே காட்டினாங்க. பெரிய கண்ணாடியும் சிவப்புப் பேனாவுமா அவங்க நிக்க, நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு ஃபெயிலான பிள்ளை மாதிரி கேட்டுக்கிட்டிருந்தேன்.

"நாங்கள் எளிய நடுத்தரக் குடும்பம்"னு எழுதியிருக்கே பாரு, அதுக்குக் கீழ ரெண்டு கோடு. ஓரத்துல "வரையறு"ன்னு எழுதியிருக்காங்க. எளியங்கறதுக்கு என்ன அளவு, நடுத்தரம்னா எதுக்கும் எதுக்கும் நடுவுல, சொல்லாம விட்டா எப்படி மார்க் போடறதுன்னு என்கிட்டக் கேக்கறாங்க. எனக்கென்ன தெரியும்?

அடுத்த ரெண்டு மார்க் போனது என்னால. சொல்லிடறேன், மறைச்சு என்ன ஆகப் போகுது. உன் கடிதம் வர்றதுக்கு முந்தியே நான் டீச்சர்கிட்ட உன்னைப் பத்திப் பேசிட்டேன். என் தங்கச்சி கையெழுத்துப் போடாம அந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு ரத்த ரிப்போர்ட்டும் வெளிய போகாது, மந்திரியே வந்தாலும் அவ ஊசி குத்தச் சொன்னாத்தான் குத்துவாங்க, அவ வீட்டுக்காரர் அறுபதாயிரம் புத்தகம் வெச்சிருக்கார்னு சொன்னேன். அவரோடதுன்னு சொல்லல, வெச்சிருக்கார்னுதான் சொன்னேன். பத்து வருஷமா இந்தத் தெருவுல எல்லார்கிட்டயும் இப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன், திடீர்னு எப்படி மாத்திச் சொல்றது? இப்போ டீச்சர், அக்கா சொன்னது ஒண்ணு, தங்கை எழுதினது ஒண்ணு, ரெண்டுல ஒரு விடை தப்புன்னு எழுதி அடிச்சுட்டாங்க.

அது போகட்டும். கடைசி வரிக்கு வரேன். "நாங்கள் அதிர்ஷ்டத்தால் அல்ல, படிப்பாலும் உழைப்பாலும் முன்னுக்கு வந்தவர்கள்." டீச்சர் அதை என் முகத்தைப் பாத்துக்கிட்டே படிச்சாங்க. அந்த அதிர்ஷ்டம் யாரு? நான்தானே? ஒட்டின உறைக்குள்ள வெச்சு, என் கையாலயே கொண்டு போய்க் கொடுக்க வெச்சிருக்கே.

எனக்கு ரொம்ப வலிச்சுது. நேரடியாச் சொல்றேன். அதிர்ஷ்டம் இருந்துச்சு, இல்லைன்னு நான் சொல்லல. ரயில் ஸ்டேஷன் இந்தப் பக்கம் வரும்னு எங்ககிட்ட யாரும் வந்து சொல்லல. அது வந்த ஆறு மாசத்துல விலை எங்கயோ போயிடுச்சு, நாங்க செஞ்சது ஒண்ணுமில்ல, இருந்த இடத்துல இருந்தோம். ஆனா அதை நான் சொல்லிக்கலாம். நீ சொல்லக் கூடாது.

மாசக் கடைசிக்குள்ள இன்னொரு தடவை எழுதலாம்னு டீச்சர் அனுமதி கொடுத்திருக்காங்க. ரீ-எக்ஸாம். எழுதினா எழுது. நான் தபால்காரி வேலையைச் செய்யறேன், வேற எதுவும் பேச மாட்டேன்.

அக்கா


மார்ச் 23

அக்கா,

எனக்குப் பொறாமை. இதுக்கு வேற நல்ல வார்த்தை இருக்கான்னு ரெண்டு நாளா தேடிப் பாத்தேன், இல்ல.

உன் மேல இல்லன்னு சொல்ல வந்தேன், அதுவும் பொய்தான். உன் மேலதான். நீ காலையில எழுந்து உன் வீட்டுக் கேட்டை நீயே திறந்துக்கிட்டு வண்டியை எடுக்கறே பாரு, அது மேல. நான் படிச்சேன், பரிட்சையெல்லாம் முதல் வகுப்பு, வேலையில ஒரு நாள் லேட்டாப் போனதில்ல. எல்லாத்தையும் சரியாச் செஞ்சா ஒரு வீடு வரும்னு நினைச்சேன். அது வரலன்னதும் யார் மேலயாவது கோபப்படணும், நீ பக்கத்துல இருந்தே. அந்த வரியை எழுதினப்போ நல்ல வரின்னு நினைச்சுக்கிட்டேன் வேற. மன்னிச்சுடுக்கா.

நீ தெருவெல்லாம் என்னைப் பத்திப் பீத்திக்கிட்டிருந்தேன்னு எழுதினதைப் படிச்சுட்டு, லேப்ல மைக்ராஸ்கோப் முன்னாடி உக்காந்து அழுதேன். கண்ணாடி ஸ்லைடு நனைஞ்சு போய் ஒரு சாம்பிளை மறுபடி போட வேண்டியதாச்சு. மந்திரி கதையை மட்டும் நிறுத்திடு, அப்படி யாரும் வந்ததில்ல.

ரெண்டாவது தடவை எழுதியிருக்கேன். இந்தத் தடவை உறையை ஒட்டல, முதல்ல நீ படி. அனுப்ப வேண்டாம்னு உனக்குப் பட்டா அனுப்பாதே. இதுல நான் மறைச்சது எதுவும் இல்ல, அதனாலதான் கொஞ்சம் பயமாவும் இருக்கு.

"டீச்சர் அவர்களுக்கு. வரையறை கேட்டீர்கள். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, என் வீட்டைச் சொல்கிறேன். எங்களிடம் எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது, எதற்கும் பத்திரம் இல்லை. மகளின் கீபோர்டு வகுப்புக்குப் பணம் கட்ட முடிகிறது, கீபோர்டுக்கு மேலே ஒரு ஆணி அடித்து அவள் வாங்கிய சான்றிதழை மாட்ட ஓனரைக் கேட்க வேண்டியிருக்கிறது. உடம்புக்கு வந்தால் பயப்பட மாட்டோம், ஓனர் கூப்பிட்டால் பயப்படுவோம். என் அக்கா சொன்னது உண்மை, பதினாறு பேர் என் கையெழுத்துக்குக் காத்திருக்கிறார்கள். நான் எழுதியதும் உண்மை, சனிக்கிழமைகளில் நான் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்கிறேன். இரண்டு விடையும் சரி. இந்த இரண்டையும் ஒரே ஆள் செய்தால் அதற்குப் பெயர் நடுத்தர வர்க்கம் என்று நினைக்கிறேன். அக்காவை அதிர்ஷ்டம் என்று எழுதினேன், அதைத் திரும்பப் பெறுகிறேன். அவர் எங்களுக்கு முன்னால் வந்தவர், வந்த நாளில் இங்கே எதுவும் இல்லை. நீங்கள் சொல்லும் விலையில் பத்தில் எட்டுப் பங்கு எங்களால் முடியும். மீதி இரண்டுக்கு என்ன செய்வது என்று இன்றைக்கு எனக்குத் தெரியாது."

தங்கச்சி


ஏப்ரல் 1

ஒன்பது.

பத்துக்கு ஒன்பது. ஏப்ரல் ஒண்ணாம் தேதி எழுதறதால விளையாட்டுன்னு நினைச்சுடாதே, தாளை என் கண்ணாலயே பாத்துட்டேன். ஒரு மார்க் குறைச்சது மீதி ரெண்டு பங்குக்கு விடை எழுதாததுக்கு. அதை நான் எழுதிடறேன். எங்க வீட்டை பேங்க்ல ஈடு வெச்சு அந்த ரெண்டு பங்கை வாங்கித் தரோம். உங்க அத்தான் பேப்பரையெல்லாம் எடுத்து வெச்சுட்டார். கார்டுல இதுக்கு மேல இடமில்ல.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

கார்டைத் தபால்காரர் படிச்சிருக்கார். வாழ்த்துகள் மேடம், வீடு வாங்கறீங்களாமேன்னு கேட்டார். இனிமே உறையில போடு.

உன் வீட்டை ஈடு வெக்க வேண்டாம். யோசிச்சுட்டுத்தான் சொல்றேன், வீம்புக்கு இல்ல. எனக்கோ இவருக்கோ நாளைக்கு வேலையில ஒண்ணு ஆச்சுன்னா உன் கேட்டை பேங்க்காரன் வந்து பூட்டுவான். அப்புறம் நம்ம ரெண்டு பேருக்கும் பேச என்ன இருக்கும்? அத்தான்கிட்ட பேப்பரை இருந்த இடத்துல வெக்கச் சொல்லு. அவர் எடுத்து வெச்சார்னு படிச்சப்பவே இவர் எழுந்து ஜன்னல் பக்கம் போயிட்டார்.

மீதிக்கு நாங்க வேற வழி பாக்கறோம். எனக்கு இன்னொரு ஆஸ்பத்திரியில சாயங்கால வேலை தரேன்னு சொல்லியிருக்காங்க. இவர் சேமநிதியிலேர்ந்து எடுக்கலாமான்னு கேட்டிருக்கார். டீச்சர்கிட்ட ரெண்டு மாசம் டைம் கேளு. ஒன்பது மார்க் வாங்கினவளுக்கு ரெண்டு மாசம் தர மாட்டாங்களா? எனக்கு நம்பிக்கை இருக்கு. குட்டி ஏற்கனவே அவ ரூம் எதுன்னு முடிவு பண்ணிட்டா, பார்க்காமலேயே.

தங்கச்சி


ஏப்ரல் 15

தங்கச்சிக்கு,

எப்படி எழுதறதுன்னு தெரியல, அதனால நேராவே எழுதறேன். ஒன்பதாம் நம்பர் போயிடுச்சு.

உன் கடிதம் வந்த அன்னிக்கே டீச்சரைப் பாக்கப் போனேன். வாசல்ல ஒரு வெள்ளைக் கார். ஏதோ ஒரு கம்பெனியாம், வீடு வீடா வாங்கி வாடகைக்கு விடறவங்க. டீச்சர் கேட்ட விலைக்கு மேல மூணுல ஒரு பங்கு அதிகம், மொத்தமும் ஒரே வாரத்துல. மகன் அங்கயிருந்தே பேசி முடிச்சுட்டார். கம்பெனிக்காரங்க ஒரு பக்கமும் எழுதல, ஒரு வரியும் எழுதல.

எனக்கு வந்த கோபத்துக்கு நான் அந்தக் கிழவியை அங்கயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனா அவங்களே உள்ள சமையலறையில ஸ்டூல்ல உக்காந்திருந்தாங்க, வந்த கடிதத்தையெல்லாம் அடுக்கி மடியில வெச்சுக்கிட்டு. முப்பத்தோரு பேர் எழுதியிருக்காங்க. என்னைப் பாத்துட்டு, "மார்க் என் கையில இருந்துச்சும்மா, வீடு என் மகன் கையில"ன்னு மட்டும் சொன்னாங்க. தண்ணி எடுத்துக் கொடுத்துட்டு வந்துட்டேன்.

உன் தாள்தான் அதிக மார்க்காம். அதை உன்கிட்டக் கொடுக்கச் சொன்னாங்க. நான் தர மாட்டேன், அது என்கிட்ட இருக்கட்டும்.

என்னாலதான் உனக்கு இந்த ஆசை வந்துச்சு. வேனை ஓட்டிக்கிட்டுப் போறப்போ ஒன்பதாம் நம்பரைத் தாண்டும்போது வேற பக்கம் பாக்கறேன். நீ எப்படி இருக்கே? உடனே எழுது. எழுத முடியலன்னா போனே பண்ணு, அத்தான் சட்டத்தை நான் பாத்துக்கறேன்.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

போன் பண்ணினா அழுவேன், அதனால எழுதறேன். மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்.

குட்டிகிட்ட நான்தான் சொன்னேன். அப்போ அடுத்த வீட்டுக்கு எப்போம்மா எழுதுவேன்னு கேட்டா. உன்னை மாதிரியே இருக்கா, ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறா. நேத்து உன் வேன் கடைசியாத் திரும்பற இடத்துக்கும் அப்பால ஒரு வீடு பாத்தோம். வீடு பரவாயில்ல. ஆஸ்பத்திரிக்குப் போக ரெண்டே முக்கால் மணி நேரம், வர ரெண்டே முக்கால் மணி நேரம். அப்போ குட்டியை நான் ஞாயித்துக்கிழமைதான் பாப்பேன். வேண்டாம்னு வந்துட்டோம். மறுபடி வாடகைக்கே பாக்கறோம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா முப்பத்தோரு பேர்ல முதல் ஆளா வந்திருக்கேன் இல்ல, அதை யாரும் என்கிட்டேர்ந்து பிடுங்க முடியாது.

டீச்சரைத் திட்டாதே.

தங்கச்சி


ஏப்ரல் 28

தங்கச்சிக்கு,

உக்காந்து படி.

அந்த வெள்ளைக் கார் போன வாரம் எங்க வாசலுக்கு வந்துச்சு. நல்ல சட்டை போட்ட ஒரு ஆள். எங்களுது மூலை மனை, ரெண்டு பக்கமும் தெரு, பின்னாடி நான் வேன் நிறுத்தற காலி இடம் வேற. மொத்தமாக் கொடுத்தா ஒரு தொகை சொன்னார். அதைக் கேட்டு உங்க அத்தான் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழ வெச்சுட்டார். நானும் அவரும் இந்த ஜென்மம் முழுக்க உழைச்சாலும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியாது.

பொய் சொல்லல, ஆசை வந்துச்சு. ஒரு வாரம் நான் அதை நினைச்சுக்கிட்டேதான் வண்டி ஓட்டினேன். வேனை வித்துடலாம், முதுகுவலிக்கு நல்ல டாக்டரைப் பாக்கலாம், அவர் முட்டிக்கு ஆபரேஷன் பண்ணலாம். உனக்குக் கூட ஒரு பங்கு தரலாம்னு கணக்குப் போட்டேன். அப்புறம் வித்துட்டு எங்க போறதுன்னு யோசிச்சுப் பாத்தேன். இந்த நாலு தெருவுல விலைக்கு வர்ற வீட்டையெல்லாம் அந்தக் கம்பெனியே அள்ளிட்டுப் போயிடுது, எங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. நகர்ந்து போகணும், என் வேன் பிள்ளைகள் மாதிரியே. நான் பணக்காரிதான், இருக்கற இடத்துல ஒரு வீடு வாங்க முடியாத பணக்காரி. நீ ஞாயித்துக்கிழமை சொன்னதுக்கு அன்னிக்கு நான் சிரிச்சேனே, அது எவ்வளவு தப்புன்னு இப்போதான் புரியுது. நம்ம ரெண்டு பேர்ல யாரு மிடில்னு எனக்கு இப்போ சொல்லத் தெரியல.

அதனால நேத்து அந்த ஆளுக்கு முடியாதுன்னுட்டேன். பாதி மனை வேற ஒருத்தருக்கு விக்கப் போறேன், மீதியை வெச்சுக்கப் போறேன்னு சொன்னேன். பாதியா இருந்தா எங்களுக்கு வேண்டாங்கன்னு ஃபைலை மூடிட்டார். நிம்மதி.

அந்த வேற ஒருத்தர் நீதான். வேன் நிறுத்தற இடம். வீடு கட்டினா ரெண்டு ரூம், ஒரு ஹால், ஒன்பதாம் நம்பர்ல பாதி இருக்கும். முனிசிபல் ஆபீஸ்ல போய் விசாரிச்சுட்டேன், மூலை மனைங்கறதால பிரிச்சுக் கொடுக்கறதுல தடையில்ல. வேனைத் தெருவுல நிறுத்திக்கறேன். அத்தான் தரை முழுக்கத் தானே பதிக்கறேன்னு இப்பவே சுண்ணாம்புக் கோடு போட்டுட்டார். நாங்க வாங்கின விலைக்கே எடுத்துக்கோ. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின விலை, பத்திரத்துல இருக்கு. வேண்டாம்னு எழுதினே, கம்பெனிக்காரனை மறுபடி கூப்பிட்டுடுவேன்.

அக்கா


மே 3

அக்கா,

நீ எழுதினதைச் சத்தமா இவர்கிட்டப் படிச்சேன். பாதியில கடிதத்தை அவர் கையில கொடுத்துட்டேன், மீதியை அவர் படிச்சார். லைப்ரரியில பதினஞ்சு வருஷமா மெதுவாப் பேசற மனுஷன் கத்தினார், பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டிக் கேக்கற அளவுக்கு.

வேணும். மனசார வேணும். ஆனா உன் விலைக்கு இல்ல. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின விலையில நான் வாங்கினா அது வாங்கினது இல்ல, நீ கொடுத்தது. சாகற வரைக்கும் நான் உன் வீட்டுக்கு வந்திருக்கற விருந்தாளி ஆயிடுவேன். உன்னோட சண்டை கூடப் போட முடியாது. இன்னிக்கு அந்தப் பக்கம் மனை என்ன விலையோ அதைத் தரேன். பேங்க்ல கேட்டுட்டேன். மனைக்கும் கட்டறதுக்கும் சேர்த்து, நாங்க டீச்சருக்குச் சொன்ன அந்த எட்டுப் பங்குக்குள்ள அடங்குது, கொஞ்சம் மிஞ்சவும் மிஞ்சுது. நான் தர்ற பணத்துல உன் முதுகுக்கு டாக்டரைப் பாரு.

தங்கச்சி


மே 7

ஏய்,

வாங்கறவ விலையை ஏத்தறதும் விக்கறவ இறக்கறதும் உலகத்துல எங்கயாவது உண்டா? தெருவுல சொன்னா சிரிப்பாங்க. இன்னிக்கு விலையை உன்கிட்ட வாங்கினா நானும் அந்த வெள்ளைக் கார்க்காரனும் ஒண்ணு. அது நடக்காது. பாதியாவது குறை.

அக்கா


மே 11

அக்கா,

கால் பங்கு குறைக்கறேன், அதுவும் அத்தான் தரை பதிக்கற கூலின்னு நினைச்சுத்தான். அதுக்கு மேல ஒரு சல்லிக் காசு குறைக்க மாட்டேன். ஒத்துக்கலன்னா நான் வரல. நீயும் அந்த இடத்துல வேனையே நிறுத்திக்கோ.

ஞாயித்துக்கிழமை மூணு பேரும் வரோம். ஜூன் ஒண்ணாம் தேதிலேர்ந்து வீடு எழும்பற வரைக்கும் உன் முன்னறையில இருப்போம். அதுக்கு வாடகை தருவேன், நீ வாயைத் திறக்கக் கூடாது.

இவர் வரைபடம் போட்டுட்டார். அத்தான் போட்ட கோட்டுல ஒண்ணு மட்டும் மாத்தணும். நம்ம ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து உன் பக்கத்துலயே ஒரே வாசல் போதும்னு அத்தான் கோடு போட்டிருக்கார்னு குட்டிகிட்டச் சொன்னியாம். போதாது. என் வாசலைப் பக்கத்துத் தெருப் பக்கமா வெக்கச் சொல்லு, தனிக் கதவு, தனிப் பூட்டு. உன்னோட சண்டை வந்தா, நான் கோபத்துல எழுந்து என் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போகணும். இதுவரைக்கும் அப்படிச் சொல்லிட்டுப் போக எனக்கு ஒரு வீடு இருந்ததில்ல.

தங்கச்சி